கிங்ஸ்பரியில் ஒரு பெட்டி இசைத்தட்டு

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடங்கள் இழுபட்டிருக்கிறேன். இரண்டு தடவை தொடங்கிப் பாதியில் கிழித்தும் போட்டேன். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கொழும்பில் பூசைச் சாமான் கடை வைத்து, கற்பூரமும் சாம்பிராணியும் விற்றுக் குடும்பம் நடத்துகிறவன். காலையில் தேவாரம் பாடாமல் வாயில் தண்ணீர் வைக்காதவன், வெள்ளைக்காரர் ஆடுகிற பாட்டைப் பற்றி எழுத வந்தால் சனம் என்ன சொல்லும் என்ற வெட்கம் ஒரு பக்கம். சம்பந்தப்பட்டவர்கள் என் சொந்தத் தங்கச்சியும் மச்சானும் என்பது இன்னொரு பக்கம். இப்போது இருவரும் “எழுதுங்கோ” என்று சொல்லிவிட்டார்கள். முருகன்மேல் பாரத்தைப் போட்டு எழுதுகிறேன்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு நாள் தங்கச்சி பத்மா லண்டனிலிருந்து தொலைபேசி எடுத்தாள்.

“அண்ணை, ஒருக்கா வந்திட்டுப் போங்கோ. நான் சொல்லி இவர் கேக்கிறார் இல்லை. நீங்கள் சொன்னாத்தான் கேப்பார்.”

“குடிக்கிறாரோ?” என்று கேட்டேன்.

“குடிச்சாலும் பரவாயில்லை அண்ணை. குடிகாரன் போத்திலை வெளியில எறிவான். இவர் ஒண்டையும் எறியிறார் இல்லை. றெக்கோட்! அறை முழுக்க றெக்கோட்!”

விசயம் இதுதான். அவர்களுடைய வீட்டில் மேலே இரண்டு அறை. ஒன்றில் இவர்கள் படுக்கிறார்கள். மற்றதில் மச்சானின் இசைத்தட்டுகள் படுக்கின்றன. மச்சானின் சொந்தத் தம்பி சிவா, மனைவியோடும் தவழுகிற குழந்தையோடும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, ஹவுன்ஸ்லோவில் கவுன்சில் கொடுத்த ஒரு விடுதி அறைக்குள் கிடக்கிறான். கட்டிலுக்குப் பக்கத்திலேயே அடுப்பு. விசயதசமி அன்று அவர்களை வீட்டுக்குக் கூட்டி வருவது என்று பத்மா நாள் குறித்துவிட்டாள். மச்சான் ஓம் ஓம் என்கிறாராம். ஆனால் ஒரு தட்டைக்கூட அசைக்கிறார் இல்லையாம். பெண்சாதியின் தமையன் வந்து நியாயம் சொன்னால் மறுக்க மாட்டார் என்பது அவளுடைய கணக்கு.

நவராத்திரி நேரம் கடையை மனைவியிடம் விட்டுவிட்டு ஓடினேன். நவராத்திரிக்குத்தான் எங்களுக்கு வியாபாரமே. அந்த எரிச்சலோடுதான் இறங்கினேன் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

கிங்ஸ்பரியில் அவர்களுடைய தெருவில் எல்லா வீட்டுக்கும் ஒரே முகம். வந்த அன்றே காலாற நடந்துவிட்டுத் திரும்பி, மணியை அடித்து, குனிந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, “பத்மா, ஒரு தேத்தண்ணி போடு” என்றேன். நிமிர்ந்து பார்த்தால் சேலைத் தலைப்பை முக்காடு போட்ட ஒரு குஜராத்தி அம்மா. அவர் சிரித்துக்கொண்டே பக்கத்துக் கதவைக் காட்டினார். கொழும்பில் எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு ஒரே மாதிரி இருந்தால் ஒன்றுக்கு வேறு நிறமாவது பூசுவார்கள்.

அந்த அறையைப் போய்ப் பார்த்தேன். கதவு பாதிதான் திறந்தது. தரையிலிருந்து கூரை வரை சப்பாத்துப் பெட்டிகள், பழப்பெட்டிகள், பிஸ்கட் தகரங்கள். எல்லாவற்றிலும் சின்னத் தட்டுகள். எங்கள் ஊர்த் திருமண வீட்டில் ஓடுகிற பெரிய இசைத்தட்டு இல்லை. கோப்பைக்குக் கீழே வைக்கிற தட்டைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு பக்கத்துக்கு ஒரு பாட்டு. நடுவில் ஒரு ஆள் மட்டும் நிற்க இடம். அந்த இடத்தில் மச்சான் நின்றார்.

மச்சானின் பெயர் குணரத்தினம். கணக்கியல் படிக்கவென்று எழுபதுகளில் வந்து, படிப்பை விட்டு, வடக்கே லங்காஷயரில் நூல் ஆலையில் வேலை செய்தவர். ஆலை மூடியபின் லண்டனுக்கு வந்து விமான நிலையத்தில் சரக்கு ஏற்றுகிறார். கொழுத்த உடம்பு, குழந்தை முகம், உரத்துப் பேசத் தெரியாத ஆள். இப்படிப்பட்டவருடன் சண்டை பிடிப்பது மிகவும் கஷ்டம்.

பத்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் தீர்ப்புச் சொன்னேன்.

“மச்சான், ஒரு பெட்டி. உந்தக் கறுப்புப் பெட்டிக்குள்ள எவ்வளவு கொள்ளுமோ அவ்வளவும் வைச்சிருங்கோ. மிச்சம் விசயதசமிக்கு முதல் போகோணும்.”

அவர் பெட்டியையும் பார்த்தார், சுவரையும் பார்த்தார். “ஓம் அத்தான். நீங்கள் சொன்னாச் சரி. ஆனா ஒண்டு. ஒரு பெட்டி எண்டால் அது முழுச் சரித்திரத்தையும் சொல்லோணும். தொடக்கத்திலயிருந்து முடிவு மட்டும். நீங்கள் கூட இருந்து தெரிவு செய்யோணும்.”

“எனக்கென்ன தெரியும் உதில?”

“அதுதான் வேணும். தெரிஞ்ச ஆள் எண்டா என்னோட வாதாடுவான்.”

பத்மா தலையில் கை வைத்தாள். “அண்ணை, உங்களையும் உள்ளுக்கை இழுத்துப்போட்டார்.”

மறுநாள் காலை ஸ்நானம், தேவாரம் முடித்துத் திருநீற்றோடு போய் அந்த அறையில் குந்தினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு அலுப்பான வேலை செய்ததில்லை. ஒரு பாட்டு மூன்று நிமிடம்கூட ஓடாது. அதற்கு முன்னால் அவர் சொல்லுகிற கதை அரை மணித்தியாலம் ஓடும்.

கதையின் சாரம் இது. அமெரிக்காவில் கறுப்புச் சனம் பாடிய வேகமான பாட்டுகள். சோல் என்று பெயர். அவற்றில் பேரெடுத்தவை பேரெடுத்தன. விலைப்படாமல் கிட்டங்கிகளில் தூசு பிடித்துக் கிடந்தவை ஆயிரக்கணக்கு. இங்கே இங்கிலாந்தின் வடக்கில், ஆலையிலும் சுரங்கத்திலும் வேலை செய்த வெள்ளைக்காரப் பெடியள், அப்படித் தோற்றுப்போன பாட்டுகளைத் தேடிப் பிடித்து, சனிக்கிழமைகளில் விடிய விடிய ஆடியிருக்கிறார்கள். ஆராலும் கேட்கப்படாத பாட்டு என்றால்தான் மதிப்பு.

“அதுக்கு ‘நோர்தேர்ன் சோல்’, வடக்குச் சோல், எண்டு பேர் வைச்சது இந்த லண்டன்தான் அத்தான். வடக்குப் பெடியள் புட்போல் பாக்க வரேக்க இஞ்ச கடையில கேட்ட றெக்கோடுகளைப் புறம்பா வைக்கத்தான் அந்தப் பேர்.”

“வடக்கு எண்டா எங்களுக்கு யாழ்ப்பாணம்,” என்றேன். “நீர் வேற வடக்கைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறீர்.”

அவர் சிரித்தாரே தவிரக் கோபிக்கவில்லை. பெட்டிக்குள் முதலில் போனவை, மான்செஸ்டரில் நிலவறைகளில் ஆடிய காலத்துப் பாட்டுகள். பிறகு பெரிய மண்டபங்களின் காலம். அதற்குள் ஒரே பாட்டில் இரண்டு தட்டை வைத்தார். ஒன்று அசல், மற்றது களவாக அடித்த பிரதி.

“ஏன் ரண்டு? பாட்டு ஒண்டுதானே!”

“அசலை வாங்க ஏலாத பெடியள் இதைத்தான் வாங்கினவங்கள். அவங்களும் ஆடினவங்கள்தானே?”

இன்னொன்றைப் போட்டார். எனக்கே அது கூடாத பாட்டு என்று விளங்கியது. தகரத்தில் தட்டுகிற மாதிரி. அவரிடம் கேட்டால், “சரியான குப்பை” என்றார். இந்த ஆட்டம் பேரெடுத்தபின் காசு பார்க்க அவசர அவசரமாகச் செய்ததாம். வானொலியில் போயிற்றாம், வடக்கில் ஒருவரும் அதற்கு ஆடவில்லையாம்.

“அப்ப எறியும்.”

“எப்பிடி எறியிறது? வெக்கக்கேடும் சரித்திரம்தானே அத்தான்.”

பெட்டிக்குள் போட்டார். மத்தியானம் பத்மா இடியப்பமும் சொதியும் வைத்துக்கொண்டு கேட்டாள், “எவ்வளவு குறைஞ்சுது?” நான் இடியப்பத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டேன்.

அடுத்த நாள் இன்னும் மோசம். முதற்காலத்துப் பாட்டு ஒன்று தன்னிடம் இல்லையாம், அது இல்லாமல் சரித்திரம் ஓட்டையாம், நகரத்துக்குள் ஒரு கடையில் வாங்க வேண்டுமாம். தட்டுகளைக் குறைக்கவென்று கொழும்பிலிருந்து வந்தவனைத் தட்டு வாங்கக் கூட்டிப் போகிறார்! பத்மாவிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அங்கேயே இரண்டு பேருக்கும் கொள்ளி வைத்திருப்பாள்.

நிலக்கீழ் ரயிலில் ஏறிய பிறகு மச்சான் தன் பையை நடைமேடை வாங்கிலேயே விட்டுவிட்டதைக் கண்டு கீழே பாய்ந்தார். கதவு மூடிக்கொண்டது. நான் உள்ளே, அவர் வெளியே, கண்ணாடிக்கு இரண்டு பக்கமும் கையைக் காலை ஆட்டுகிறோம். அடுத்த நிலையத்தில் இறங்கிக் காத்து நின்றேன். அடுத்த ரயில் வந்தது. அதில் மச்சான். நான் போகவேண்டிய இடத்துக்குத்தான் போயிருப்பேன் என்று நினைத்து உள்ளேயே இருந்தவர், கதவு மூடியபின் என்னைக் கண்டு, கையைக் காட்டிக்கொண்டே போய்விட்டார். எங்கள் கொழும்பு பஸ்ஸில் கதவே மூடாது. ஓடி ஏறலாம், தொங்கலாம், நடத்துநர் கையைப் பிடித்து இழுப்பார். இங்கே கதவு மூடினால் கடவுள் வந்தாலும் திறவாது.

ஒருவழியாகச் சேர்ந்தபின் பசி. விரத நாளென்று உருளைக்கிழங்குப் பொரியல் மட்டும் வாங்கித் தந்தார். பாதி தின்றபின் கடைக்காரன் அதே எண்ணெயில் மீனைப் போடுவதைக் கண்டேன். வீதியோரம் நின்று வாய் கொப்பளித்தேன். “ஐயோ அத்தான், நான் யோசிக்கேல்லை,” என்றார் மச்சான். அவர் தட்டைத் தவிர வேறு எதை யோசித்தார்! கடையில் அந்தப் பாட்டும் கிடைக்கவில்லை. இல்லையென்றதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே ஒரு மாதிரியாகிவிட்டது. அது மேலும் எரிச்சல்.

ஞாயிற்றுக்கிழமை அப்டன் பார்க் என்ற இடத்தில் ஒரு மண்டபத்துக்கு இழுத்துப் போனார். பின்நேர ஆட்டம். மிச்சத் தட்டுகளை வாங்கக்கூடிய ஆள் அங்கே வருவார் என்றதால்தான் போனேன். பக்கத்துத் தெருவெல்லாம் சேலைக் கடையும் மரக்கறிக் கடையும். முருங்கைக்காயைக் கண்டு நின்றேன். விலையைக் கேட்டு நடந்தேன்.

மண்டபத்துக்குள் நாற்பது வயது தாண்டிய வெள்ளைக்காரர். வழுக்கை, தொப்பை, யானைக்கால் அகலக் காற்சட்டை. ஒருவர் தகரத்திலிருந்து வெள்ளைப் பொடியை எடுத்துத் தரையில் தூவினார். திருநீறோ என்று ஒரு கணம் கை கூப்பப் போனேன். குழந்தைகளுக்குப் பூசுகிற பவுடராம். கால் வழுக்க வேண்டுமாம். சாராயம் இல்லை. ஆளுக்கொரு எலுமிச்சைப் பானப் போத்தலும் துவாயும்.

“அந்தக் காலத்திலயும் குடி இல்லையோ?” என்று மச்சானைக் கேட்டேன்.

“குடி இல்லை. சிலபேர் நித்திரை வராமலிருக்கக் குளிசை போட்டவை. நான் தேத்தண்ணி.”

பாட்டுத் தொடங்கியதும் ஒவ்வொருவரும் தனித்தனியாக ஆடினார்கள். ஆணும் பெண்ணும் கட்டிப் பிடிக்கவில்லை. ஒருவரும் ஒருவரைப் பார்க்கவுமில்லை. பாட்டு முடிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். பாடியவள் எங்கோ அமெரிக்காவில், செத்தாளோ இருக்கிறாளோ; இவர்கள் தட்டுக்குக் கை தட்டுகிறார்கள். திரும்பிப் பார்த்தால் என் மச்சான் நடுவில். அந்தத் தொப்பையோடு ஒரு காலில் சுழன்று, பின்பக்கம் விழுந்து, கையூன்றி எழும்பினார். பத்மாவின் புருஷன்! நான் கதிரையில் இருந்தபடி முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிறகு, சொல்லத்தான் வேண்டும், திரும்பவும் பார்த்தேன்.

வியர்வையோடு வந்தவருடன் கெவின் என்ற ஒருவரும் வந்தார். இதுதான் தட்டு வாங்குகிற ஆள். அந்தக் காலத்து மண்டபங்களில் மச்சானோடு ஆடியவர். அவர் ஆங்கிலத்தில் பேசியதை மச்சான் எனக்கு அப்படியே சொன்னார். “விசயதசமி காலமை சாமான் வான் கொண்டு வந்து எல்லாத்தையும் ஏத்துறன். காகிதம் ஒட்டின அந்த ஒண்டும் வரோணும். அது இல்லையெண்டா மிச்சத்துக்கு என்னட்டை இடமில்லை.”

“அதென்ன காகிதம்?” என்றேன்.

ரயிலில் வரும்போது விளக்கினார். மண்டபங்களில் தட்டுப் போடுகிறவர்களுக்குள் ஒரு வழக்கம். நல்ல பாட்டு ஒன்று அகப்பட்டால், மற்றவன் தேடி எடுத்துவிடாமல் நடுவிலிருக்கும் பெயரின்மேல் காகிதத்தை ஒட்டி, அதில் ஒரு பொய்ப் பெயரை எழுதி வைப்பார்கள். டெரெக் என்று ஒரு சிநேகிதர். ஆலையில் இரவு ஷிப்டில் மச்சானுக்குப் பக்கத்து இயந்திரம். முதற் குளிர்காலத்தில் தன் மேலங்கியைக் கழற்றிக் கொடுத்தவர். ஆட்டத்துக்குக் கூட்டிப் போனவரும் அவர்தான். அவரிடம் ஒரு தட்டு இருந்தது. பெண் குரல். அதன்மேல் ஆலை மேற்பார்வையாளர் ஒருவரின் பெயரை எழுதி ஒட்டிவிட்டாராம். மேற்பார்வையாளருக்கு மீசை! எல்லோரும் உண்மைப் பெயரைக் கேட்டுக் களைத்தார்களாம். டெரெக்குக்கு நெஞ்சு வருத்தம் முற்றியபோது ஆசுபத்திரியில் வைத்து அந்தத் தட்டை மச்சானிடம் கொடுத்து, “நான் சொல்லும்வரை பிரித்துப் பார்க்காதே” என்றிருக்கிறார். சொல்லாமலே போய்விட்டார்.

“அப்ப நீர் இன்னும் பாக்கேல்லையோ?”

“இல்லை அத்தான்.”

“விசரே உமக்கு? செத்த ஆள் வந்து கேக்கப் போறாரே?”

மச்சான் சன்னலைப் பார்த்தபடி கேட்டார். “நீங்கள் கோயிலுக்கு நேந்ததைச் செய்யாமல் விடுவியளே?”



சரஸ்வதி பூசை அன்று கறுப்புப் பெட்டி நிறைந்துவிட்டது. எண்பதுகளில் மண்டபங்கள் மூடியபின் லண்டனில் மெதுவான பாட்டுகளுக்கு ஆடத் தொடங்கியதுவரை மச்சான் சரித்திரத்தைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார். முன்னுக்கு அந்தக் காகிதத் தட்டு. கெவினுக்கு என்ன சொல்லப் போகிறார் என்று கேட்டால், “யோசிப்பம்” என்றார். பத்மா மூன்று வேளையும் என்னைப் பார்த்த பார்வையை விவரிக்க மாட்டேன்.

எங்கள் வழக்கப்படி புத்தகங்களையும் தொழிற் சாமான்களையும் மாடியில் கலைமகள் படத்துக்கு முன்னால் வைத்தோம். பத்மாவின் தையல் இயந்திரம், என் தேவாரப் புத்தகம். இந்தப் பெட்டியை மட்டும் விட்டால் கலைமகளுக்கு ஓரவஞ்சனை செய்தது போலாகாதா? இதுவும் பாட்டுத்தானே. மச்சான் வேலைக்குப் போயிருந்தார். கொழும்பிலிருந்து கொண்டுபோன நல்ல சந்தனக் கட்டையை உரைத்து, ஒவ்வொரு தட்டாக எடுத்து, பாட்டோடுகிற இடத்தில் படாமல் நடுவில் மட்டும் ஒரு பொட்டு, அதன்மேல் குங்குமம். அந்தக் காகிதத் தட்டுக்கு, இவ்வளவு மரியாதையான தட்டு என்று, தாராளமாகவே வைத்தேன். சாம்பிராணி போட்டதும் கூரையிலிருந்த புகை மணி அலறத் தொடங்கிற்று. பத்மா கதிரையில் ஏறித் துவாயால் விசிறினாள். குஜராத்தி அம்மா ஓடிவந்து கதவைத் தட்டி, நிலைமையைக் கண்டதும் கும்பிட்டுவிட்டுச் சுண்டல் வாங்கிக்கொண்டு போனார்.

விசயதசமி காலை. பூசையில் வைத்தவற்றை எடுக்க வேண்டும். அந்தத் தட்டைத் தூக்கினேன். காகிதம் சந்தன ஈரத்தில் ஊறி, பலகாரத்தில் ஒட்டிய வாழையிலைபோல வழுகி என் விரலோடு வந்துவிட்டது. கீழே உண்மைப் பெயர். நான் வாசிக்கவேண்டும் என்று வாசிக்கவில்லை. கண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் கண் என்ன செய்யும்?

அந்த நேரம் பார்த்து மச்சான் உள்ளே வந்தார். என் கையைக் கண்டார். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

“திருப்பிப் பிடியுங்கோ! அத்தான், திருப்பிப் பிடியுங்கோ!”

திருப்பினேன்.

“வாசிச்சிட்டியளே?”

“கண்ணில பட்டிட்டுது.”

கண்ணைத் திறக்காமலே சுவரோடு சரிந்து உட்கார்ந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் திருப்பித் திட்டியிருப்பேன். எனக்கும் அந்த ஒரு வாரத்தில் நிறையச் சேர்ந்திருந்தது. அவர் மெல்லச் சொன்னார், “எனக்குச் சொல்லாதேங்கோ. பழையபடி ஒட்டிவிடுங்கோ.”

பத்மாவிடம் கொஞ்சம் சோறு வாங்கி, விரலால் மசித்து, அந்தக் காகிதத்தை இருந்த இடத்திலேயே ஒட்டினேன். கடையில் விபூதிப் பைகளை அப்படித்தான் ஒட்டுவோம். மேற்பார்வையாளரின் பெயர் கொஞ்சம் மஞ்சளாகியிருந்தது. மற்றபடி பிழையில்லை. ஒட்டி முடியவில்லை, வாசலில் வான் வந்து நின்றது.

கெவின் படியேறி வந்து பெட்டிகளைப் பார்த்து விசிலடித்தார். பிறகு அந்தத் தட்டைக் கேட்டார். மச்சான் நீட்டினார். கெவின் அதை வெளிச்சத்தில் பிடித்து, ஓரத்தைத் தடவினார். ஈரம். அவருடைய ஆங்கிலம் எனக்கு இப்போது மெல்ல மெல்ல விளங்கத் தொடங்கியிருந்தது.

“யாரோ பிரித்திருக்கிறீர்கள். நீ பார்த்தாயா, குணா?”

“நான் பார்க்கவில்லை,” என்றார் மச்சான். அவருக்குப் பொய் வராது. “அத்தான் பார்த்தார்.”

கெவின் என் பக்கம் திரும்பினார். நெற்றித் திருநீற்றையும் சந்தனம் பிசுபிசுத்த கையையும் பார்த்தார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். “ஐயா, எனக்குத் தட்டுக்கூட வேண்டாம். உங்கள் மைத்துனர் அதையும் அந்தப் பெட்டியையும் வைத்திருக்கட்டும். பெயரை மட்டும் சொல்லுங்கள். மற்ற எல்லாவற்றையும் இப்போதே ஏற்றுகிறேன்.”

பத்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. “அண்ணை, அவ்வளவுதானே! சொல்லுங்கோவன். சிவாவை மத்தியானம் வரச் சொல்லியிருக்கிறன். கைக்குழந்தையோட அதுகள் சாமான் கட்டிக்கொண்டு நிக்குதுகள்.”

நான் மச்சானைப் பார்த்தேன். சொல்லுங்கோ என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. திரும்பிக் கீழே இறங்கிக் குசினிக்குள் போனார். தண்ணீர்க் குழாயை முழுதாகத் திறந்துவிட்ட சத்தம் கேட்டது. தன் காதில் விழக்கூடாது என்று அந்த மனுசன் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நிற்கிறார்!

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. இரண்டு சொல். நான் அதைச் சொன்னால் என் தங்கச்சி வீட்டில் சமாதானம், ஒரு குழந்தைக்கு அறை, மச்சானுக்குப் பெட்டி, எனக்கு நிம்மதியான பயணம். யாருக்கு நட்டம்? செத்துப்போன ஒரு ஆலைத் தொழிலாளிக்கு. நான் அவரைக் கண்டதில்லை. அவர் கும்பிட்ட சாமி வேறு. ஆனாலும் வாய் திறக்கும்போது கலைமகள் படம் எனக்கு நேரே இருந்தது. அவளுக்கு முன்னால் வைத்து எடுத்ததை நான் எப்படி விற்பது?

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். “எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன்.”

“அண்ணை!” என்றாள் பத்மா. அந்த ஒரு சொல்லிலேயே என்னை வரவழைத்த பயணச் செலவு முழுதும் இருந்தது.

கெவின் தோளைக் குலுக்கிவிட்டுப் படியில் இறங்கப் போனார். குழாய்ச் சத்தம் நின்றது. மச்சான் மேலே வந்து எங்கள் மூன்று பேருடைய முகத்தையும் பார்த்தார். நடந்தது விளங்கிவிட்டது. கறுப்புப் பெட்டியைத் தூக்கினார். அதிலிருந்து காகிதத் தட்டை மட்டும் உருவி எடுத்து என் கையில் தந்துவிட்டு, பெட்டியைக் கெவினிடம் நீட்டினார்.

“இதை எடு. என்னிடம் இருப்பதில் நல்லது எல்லாம் இதற்குள்தான். தொடக்கத்திலிருந்து முடிவுவரை இருக்கிறது. அந்த ஒன்று மட்டும் இல்லை.”

கெவின் படியிலேயே உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். சில இடங்களில் நிறுத்தி மச்சானை நிமிர்ந்து பார்த்தார். களவுப் பிரதியைக் கண்டு தலையாட்டினார். அந்தக் குப்பைப் பாட்டு வந்ததும் வாய்விட்டுச் சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்தார். “இதையும் வைத்தாயா!” என்றார். பிறகு, “இந்த மஞ்சள் பொட்டுகள் என்ன?” என்று என்னைக் கேட்டார்.

“ஆசீர்வாதம்,” என்றேன். “கழுவ வேண்டாம்.”

“கழுவ மாட்டேன்,” என்றார். எழுந்து வானின் கதவைத் திறந்தார்.

பெட்டிகள் இறங்க இறங்கப் பத்மா சுவரோடு ஒதுங்கி நின்றாள். கடைசியில் அவளுக்குப் பொறுக்கவில்லை. “ஒரு பெட்டி வைச்சிருக்க நான் ஓம் எண்டனான்தானே! ஏனப்பா அதையும் குடுத்தியள்?” என்று அழுகிற குரலில் கத்தினாள். நானும் அதைத்தான் கேட்க நினைத்தேன். ஒரு வாரம் அந்தத் தூசிக்குள் குந்தியிருந்து, முதுகு விறைத்து, மீன் எண்ணெய் தின்று, ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்த சரித்திரம் ஒரு நிமிடத்தில் வானில் ஏறிப் போகிறது! என் கடை வியாபாரமும் கூடவே போகிறது!

“சிவா வரட்டும்,” என்றார் மச்சான். “அறை காத்தோட்டமா இருக்கு.”

சிவா குடும்பம் வந்தது. குழந்தை வெறும் அறைக்குள் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை தவழ்ந்து, திரும்பித் தவழ்ந்து, தன் குரலின் எதிரொலியைக் கேட்டு நின்று சிரித்தது. பத்மா பொங்கல் வைத்தாள். அந்தத் தட்டைக் கலைமகள் படத்துக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்தார்கள். சாப்பிட்டபின் மச்சான் அதை ஒரு தடவை போட்டார். நான் முழுதாகக் கேட்டேன். தட்டில் அந்தப் பிள்ளை என்ன பாடினாள் என்று எனக்கு விளங்கவில்லை. உயிரைக் கொடுத்துப் பாடினாள் என்பது விளங்கியது.

நான் திரும்புகிற நாளில் மச்சான்தான் விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். என் பயணப் பெட்டியை இறக்கித் தந்து, கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏதோ ஒரு கேள்வி வாய்வரை வருவதும் போவதுமாக இருந்தது.

“என்ன மச்சான்?”

“சொல்ல வேண்டாம் அத்தான். ஒண்டே ஒண்டு. நல்ல பேரோ?”

“நல்ல பேர்தான்,” என்றேன். “குரலுக்குப் பொருந்தின பேர்.”

அவர் தலையை ஆட்டினார். பிறகு போய்விட்டார்.

அந்தப் பெயரை நான் என் மனைவிக்கும் சொல்லவில்லை. சன்னிதியில் மட்டும், என்னையறியாமல், வேண்டுதல்களோடு சேர்ந்து வந்துவிடுகிறது. பாடினவளும் எங்கேயோ நன்றாக இருக்கட்டும். இதை வாசிக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பிடித்திருந்தால் இன்னொருவருக்குக் கொடுங்கள், ஆனால் உள்ளதை உள்ளபடி கொடுங்கள். என் எரிச்சலைக் குறைக்கவும் வேண்டாம், மச்சானைப் பெரியவராக்கவும் வேண்டாம். முக்கியமாக, பெயரில்லாமல் இது என்ன கதை என்று யாராவது கேட்டால், வாயில் வந்த ஒரு பெயரைப் போட்டு அந்த இடத்தை நிரப்பிவிடாதீர்கள். அது ஒட்டினபடியே இருக்கட்டும்.